புகையை அளந்தவர்கள்

2021 மே மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் சாயங்காலம் ஏழு மணிவாக்கில் ஓர் எண் வரும். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சித்தப்பா கொரோனாவுக்காகச் சேர்க்கப்பட்டிருந்தார். உள்ளே யாரையும் விடவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் பைக்கைப் போட்டுக்கொண்டு நின்ற தம்பி, சித்தப்பாவின் மகன், அன்றைய லேப் ரிப்போர்ட்டைப் படம் எடுத்துக் குழுவில் போடுவான். டி-டைமர், ஃபெரிட்டின், எல்.டி.எச். என்று பத்துப் பதினைந்து வரிகள் இருக்கும். எங்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் ‘சி.ஆர்.பி.’ என்ற ஒரே வரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். யாரோ தம்பியிடம் "அதான் இன்ஃபெக்‌ஷன் லெவல், அது கொறஞ்சாப் போதும்" என்று சொல்லியிருந்தார்கள்.

சேர்த்த அன்று 64. மூன்றாம் நாள் 118. ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே போனது. டோசிலிசுமாப் என்ற ஊசி வேண்டும் என்றார்கள். அந்த மே மாதத்தில் அந்த ஊசிக்காக யார் யாரிடம் கெஞ்சினோம் என்பது தனிக் கதை. எப்படியோ கிடைத்தது, போட்டார்கள். மறுநாள் எண் 54. அதற்கு மறுநாள் 23. மூன்றாம் நாள் 9. குழுவில் கைகூப்பும் பொம்மைகளாக வந்து விழுந்தன. சித்தி எனக்குப் போன் செய்தார். "இன்னைக்கி எம்புட்டுப்பா?" "ஒம்பது, சித்தி." "அழகரு காப்பாத்திட்டாருடா." நானும் அப்படித்தான் நம்பினேன்.

அடுத்த நாள் அதிகாலை சித்தப்பா இறந்துபோனார்.

அந்த ஒன்பதை என்னால் விட முடியவில்லை. நான் மருத்துவம் படித்தவன் இல்லை. ஆனால் ஓர் எண் எங்களிடம் ஒன்றைச் சொல்லிவிட்டு வேறொன்றைச் செய்தது எப்படி என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அரிப்பு போகவில்லை. அப்படித் தேடிப்போனபோது தெரிந்தது, இந்த ஏமாற்றத்துக்கு இருநூறு முந்நூறு வருஷப் பழக்கம் இருக்கிறது. நாங்கள் அதில் கடைசியாக வந்து சேர்ந்தவர்கள்.

1

‘அழற்சி’ என்ற சொல்லுக்குள் ‘அழல்’ இருக்கிறது. அழல் என்றால் நெருப்பு. ஆங்கிலத்தில் வழங்கும் ‘இன்ஃப்ளமேஷன்’ லத்தீன் மொழியின் நெருப்பிலிருந்து வந்தது. கிரேக்க மருத்துவர்கள் பயன்படுத்திய ‘ஃப்ளோகோசிஸ்’ என்பதும் நெருப்புதான். தொட்டால் சுடுகிறது, பார்த்தால் சிவந்திருக்கிறது, வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த செல்சஸ், அழற்சிக்கு நான்கு அடையாளங்களை எழுதிவைத்தார்: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. ஐந்தாவதாக ‘செயலிழப்பு’ பிற்காலத்தில் சேர்ந்துகொண்டது. காலில் முள் குத்திச் சீழ் வைத்த எவருக்கும் இந்த ஐந்தும் தெரியும். இன்றைய பாடப்புத்தகத்திலும் இவை அப்படியேதான் இருக்கின்றன.

இந்த அடையாளங்கள் எல்லாம் தோலுக்கு வெளியே தெரியும்போதுதான் உதவும். நெருப்பு நுரையீரலிலோ, மூட்டுக்குள்ளோ, ரத்தக்குழாயின் உட்சுவரிலோ எரிந்தால் என்ன செய்வது? கண்ணுக்குத் தெரியாத நெருப்புக்குப் புகையைத்தான் தேட வேண்டும். மருத்துவர்கள் அந்தப் புகையைத் தேடிய இடம் ரத்தம்.

அவர்களுக்கு ரத்தம் தாராளமாகக் கிடைத்தது. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாகக் காய்ச்சல், நிமோனியா, மூட்டுவலி என்று எதற்கெடுத்தாலும் கைநரம்பைக் கீறி ரத்தத்தை வடிய விடுவதுதான் வைத்தியம். வடித்த ரத்தத்தைக் கிண்ணத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஆரோக்கியமானவரின் ரத்தம் சீக்கிரமே செக்கச்செவேல் என்று உறைந்துவிடும். காய்ச்சல்காரரின் ரத்தம் வேறு மாதிரி. சிவப்பு கீழே போய்விடும், மேலே வெளிறிய மஞ்சள் ஆடை ஒன்று படரும், ஆறிய பாலில் படர்வது மாதிரி. அதற்கு ‘அழற்சி ஆடை’ என்ற பொருளில் லத்தீனில் பெயரும் வைத்தார்கள்.

உண்மையில் நடந்தது இது: நோயாளியின் ரத்தத்தில் சிவப்பணுக்கள் வேகமாகக் கீழே இறங்குகின்றன. ரத்தம் உறைவதற்குள் மேலே சிவப்பில்லாத ஓர் அடுக்கு மிஞ்சிவிடுகிறது. அதுதான் ஆடை. லண்டனில் வில்லியம் ஹியூசன் 1771-ல் ரத்தம் பற்றிய நூலை வெளியிட்டார். அந்த ஆடை ரத்தத்தில் வெளியிலிருந்து வந்து கலந்த அசுத்தம் கிடையாது, உறையும் தன்மையுள்ள ரத்தத் திரவமே தனியாகப் பிரிந்து உறைந்தது என்று பரிசோதனைகளால் காட்டினார்.

ஆனால் பெரும்பாலான மருத்துவர்களுக்கு அந்த ஆடைதான் நோய். கண்ணெதிரே கிண்ணத்தில் மிதக்கிறதே! ஆடை தெரிந்தால் இன்னும் ரத்தம் எடு. மறுபடியும் தெரிந்தால் இன்னும் எடு. நிமோனியாவில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒருவரின் உடல் நோயோடு போராடிக் காட்டிய அடையாளத்தையே காரணமாக்கி, அவருடைய ரத்தத்தை வடித்தார்கள். பாரிஸில் பியர் லூயி என்ற மருத்துவர் நோயாளிகளை ஒவ்வொருவராக எண்ணிக் கணக்குப் போட்டு, ரத்தம் வடிப்பதால் நினைத்த அளவுக்குப் பலன் இல்லை என்று 1835-ல் எழுதினார். அதற்கு அப்புறமும் வழக்கம் ஒழியப் பல பத்தாண்டுகள் ஆயின.

2

கிண்ணத்தில் பார்த்ததைக் குழாயில் அளக்கலாம் என்று முதலில் யோசித்தவர்களில் முக்கியமானவர் எட்முண்ட் பியர்னாட்ஸ்கி, போலந்து மருத்துவர். சிவப்பணுக்கள் இறங்கும் வேகம் ஆளுக்கு ஆள் மாறுகிறது, காய்ச்சல் நோய்களில் கூடுகிறது, ரத்தத்தில் உள்ள ஃபைப்ரினோஜன் என்ற புரதத்துக்கு இதில் பங்கு இருக்கிறது என்று 1897-ல் எழுதினார். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

இருபது வருஷம் கழித்து ஸ்வீடனில் ராபின் ஃபோரயஸ் அதே இடத்துக்கு வேறு வழியில் வந்தார். கர்ப்பிணிகளின் ரத்தத்தில் சிவப்பணுக்கள் வேகமாக இறங்குவதைக் கவனித்தவருக்குப் பெரிய ஆசை வந்தது. இதை வைத்துக் கர்ப்பத்தைக் கண்டுபிடித்துவிடலாமே! 1918-ல் அதை எழுதினார். தொடர்ந்து சோதித்தால், காசநோயாளிக்கும் வேகமாக இறங்குகிறது, காய்ச்சல்காரருக்கும் இறங்குகிறது, ஆண்களுக்கும் இறங்குகிறது. கர்ப்பச் சோதனை கவிழ்ந்தது. அந்தத் தோல்வியிலிருந்துதான் இன்று நம் எல்லா ரிப்போர்ட்டிலும் இருக்கும் இ.எஸ்.ஆர். பிறந்தது.

இதே ஃபோரயஸ் பின்னால் இன்னொரு சுவாரஸ்யமான யோசனையையும் சொன்னார். பழைய கிரேக்கர்கள் உடலில் நான்கு திரவங்கள் இருப்பதாக நம்பினார்கள்: ரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கறுப்புப் பித்தம். நோயாளியின் ரத்தத்தைக் கண்ணாடிக் குவளையில் விட்டுப் பாருங்கள் என்றார் அவர். அடியில் கருஞ்சிவப்புக் கட்டி, அதன்மேல் பளிச்சென்ற சிவப்பு, அதன்மேல் வெளிறிய ஆடை, எல்லாவற்றுக்கும் மேல் மஞ்சள் நீர். நான்கு அடுக்கு, நான்கு திரவம். ஈராயிரம் வருஷம் மருத்துவத்தை ஆண்ட ஒரு கோட்பாடே, ஒரு குவளையை உற்றுப்பார்த்ததில் பிறந்திருக்கலாம். இதை நிரூபிக்க வழியில்லை. ஆனால் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அல்ஃப் வெஸ்டர்கிரென் என்ற இன்னொரு ஸ்வீடிஷ் மருத்துவர் 1921-ல் காசநோயாளிகளின் ரத்தத்தை வைத்து இந்த அளவீட்டை ஒழுங்குபடுத்தினார். உறையாமல் இருக்கச் சிட்ரேட் கலந்த ரத்தம், 200 மில்லிமீட்டர் வரை கோடு போட்ட மெல்லிய கண்ணாடிக் குழாய், நேராக நிறுத்தி ஒரு மணி நேரம். மேலே எத்தனை மில்லிமீட்டர் தெளிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான். மின்சாரம்கூட வேண்டாம்.

இது ஏன் வேலை செய்கிறது? சிவப்பணுக்களின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருக்கிறது. அதனால் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு தனித்தனியாக மிதக்கும். அழற்சி வந்தால் கல்லீரல் ஃபைப்ரினோஜனை அதிகமாக உற்பத்தி செய்யும். அந்தப் புரதம் அணுக்களுக்கு நடுவே புகுந்து ஒட்டவைக்கும். காசுகளை அடுக்கிவைத்ததுபோல அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து கனமாகி, சீக்கிரம் கீழே போய்விடும். ஆகவே இ.எஸ்.ஆர். அளப்பது நோயை அளப்பதாகாது. கிருமியை அளப்பதும் ஆகாது. நோய்க்குப் பதில் சொல்லக் கல்லீரல் செய்த புரதம் சிவப்பணுக்களைப் படுத்தும் பாட்டை அளக்கிறது. புகையின் புகை.

அதனாலேயே அது பல விஷயங்களுக்கு அசையும். ரத்தசோகை இருந்தால் ஏறும். வயசானால் ஏறும். கர்ப்பத்தில் ஏறும் என்பதைத்தான் ஃபோரயஸே பார்த்தார். பெண்களுக்கு ஆண்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். வியாதி ஆரம்பித்த முதல் நாள் ஏறாமல் இருக்கும், குணமாகி வாரங்கள் கழிந்தும் இறங்காமல் இருக்கும்.

3

இனி நியூயார்க். 1930. ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவன மருத்துவமனையில் ஆஸ்வால்ட் ஏவரியின் குழு நிமோனியாவை ஆராய்ந்துகொண்டிருந்தது. பென்சிலின் இன்னும் மருந்தாகவில்லை. நிமோனியா வந்தால் ஏழு முதல் பத்து நாள் காய்ச்சல் கொதிக்கும். பிறகு ஒருநாள் திடீரென்று வியர்த்துக் கொட்டி இறங்கும், அல்லது ஆள் போய்விடுவார். அந்தத் திருப்பத்துக்காக வீட்டார் கட்டிலைச் சுற்றி விழித்திருப்பார்கள். எங்கள் ஏழு மணியைப் போலவே.

அந்தக் குழுவில் இருந்த வில்லியம் டில்லட், தாமஸ் பிரான்சிஸ் இருவரும் நிமோனியா கிருமியிலிருந்து ஒரு சர்க்கரைப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு ‘சி’ என்று பெயர். நோயாளியின் ரத்தநீரில் அதைக் கலந்தால் கலங்கல் படிந்தது. கிருமியை எதிர்க்க உடல் செய்த எதிர்ப்பொருள்தான் இப்படிப் படிகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் நேரம் தலைகீழாக இருந்தது. எதிர்ப்பொருள் நோய் தணியும் சமயத்தில் தோன்றி, பிறகும் நிற்கும். இதுவோ நோய் உச்சத்தில் இருக்கும்போது நிறைய இருந்தது, காய்ச்சல் இறங்கியதும் காணாமல் போனது. நிமோனியா கிருமியே இல்லாத வேறு நோய்களிலும் இது வந்தது. ‘சி’யோடு வினைபுரிவதால் சி-ரியாக்டிவ் புரோட்டீன், சுருக்கமாக சி.ஆர்.பி.

டில்லட்டின் கூட்டாளி தாமஸ் பிரான்சிஸ்தான் 1954-ல் போலியோ தடுப்பூசியின் மாபெரும் களச்சோதனையை நடத்தியவர். ஏவரியும், பின்னால் அவருடன் சேர்ந்த மெக்லியடும், மெக்கார்ட்டியும் மரபுப் பொருள் டி.என்.ஏ.தான் என்று 1944-ல் காட்டியவர்கள். சி.ஆர்.பி.யைப் பிரித்தெடுத்ததில் மெக்லியடுக்குப் பங்குண்டு. 1947-ல் அதைப் படிகமாக்கியவர் மெக்கார்ட்டி. ஒரே கிருமி, ஒரே ஆய்வுக்கூடம். அங்கிருந்து ஒரு பாதை உயிரின் ரகசியத்துக்குப் போனது, இன்னொன்று எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது.

ஏவரியின் குழு 1941-ல் எழுதிய கட்டுரைகளில், இந்தப் புரதம் ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தில் சாதாரணமாக இருக்காது என்றே கருதினார்கள். அன்றைய சோதனைக்கு அது எட்டவில்லை. பின்னால் நுட்பமான சோதனைகள் வந்தபோது தெரிந்தது, எல்லாருடைய ரத்தத்திலும் கொஞ்சம் இருக்கிறது. உங்களிடமும் என்னிடமும் இப்போது இருக்கிறது. பெரும்பாலும் லிட்டருக்கு சில மில்லிகிராமுக்குள்.

பெரிய காயமோ தொற்றோ வந்தால் ஆறு மணி நேரத்துக்குள் ஏற ஆரம்பிக்கும். ஏறத்தாழ இரண்டு நாளில் உச்சத்தைத் தொடும். ஆயிரம் மடங்குவரைகூட ஏறலாம். ஏற்றத்துக்கான கட்டளை கல்லீரலுக்கு எப்படிப் போகிறது என்ற கேள்விக்கு விடை 1980-களில் கிடைத்தது. ஜப்பானின் ஒசாகாவில் கிஷிமோட்டோ, ஹிரானோ குழு 1986-ல் ஒரு செய்தி மூலக்கூறின் மரபணுவைப் பிரித்தெடுத்தது. அதுதான் இன்டர்லூகின்-6. காயம்பட்ட இடத்திலிருந்து புறப்பட்டு, கல்லீரலுக்குப் போய் "செய்" என்று சொல்லும் தபால்காரர். அந்தத் தபாலை வாசலிலேயே மறிக்க அதே ஆராய்ச்சி வழியில் ஒரு மருந்தும் பிறந்தது. அதன் பெயர் டோசிலிசுமாப்.

இந்த இடத்தைப் படித்தபோது நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

4

கொஞ்சம் கணக்குப் போடலாம். சி.ஆர்.பி. ரத்தத்தில் பாதியாகக் குறையச் சுமார் 19 மணி நேரம் ஆகும். என்ன நோயாக இருந்தாலும் இந்த வேகம் மாறாது. அதாவது ரத்தத்தில் அதன் அளவை முடிவு செய்வது கல்லீரல் எவ்வளவு செய்கிறது என்பது மட்டும்தான். கல்லீரல் உற்பத்தியை அடியோடு நிறுத்திவிட்டால், 118 என்பது ஒரு நாளில் 49 ஆகும். இரண்டு நாளில் 20. மூன்று நாளில் 8.

எங்கள் குழுவில் வந்த எண்கள் 54, 23, 9.

டோசிலிசுமாப் தபாலை மறித்தது. கட்டளை வராததால் கல்லீரல் சி.ஆர்.பி. செய்வதை ஏறக்குறைய நிறுத்திவிட்டது. மிச்சம் இருந்தது தன்பாட்டுக்குப் பாதி பாதியாகக் கரைந்தது. நாங்கள் கைகூப்பியதெல்லாம் அந்தக் கரைசலுக்குத்தான். சித்தப்பாவின் நுரையீரல் எப்படி இருக்கிறது என்பதைப் பற்றி அந்த ஒன்பது எதையும் சொல்லவில்லை. இந்த ஊசி போட்ட பிறகு சி.ஆர்.பி.யை நம்பி நோயை எடைபோடக் கூடாது, புதிதாக ஒரு தொற்று வந்தாலும் அது ஏறாமல் இருக்கலாம் என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த சங்கதி. வேப்பமரத்தடியில் நின்றவனுக்குத் தெரியாது.

ஊசி போட்டது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. பிரிட்டனின் ‘ரெகவரி’ ஆய்வில் 4,116 நோயாளிகளைச் சேர்த்தார்கள். ஆக்சிஜன் குறைவும், லிட்டருக்கு 75 மில்லிகிராமுக்குக் குறையாத சி.ஆர்.பி.யும் இருந்தவர்கள். ஊசி போடாத பிரிவில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 35 சதவீதம், போட்டவர்களில் 31. நூறு பேரில் நான்கு பேர் கூடுதலாகப் பிழைத்தார்கள். அது சின்ன விஷயமே இல்லை. அந்த மருந்து யாருக்குத் தேவை என்று ஆள் பொறுக்கச் சி.ஆர்.பி. உதவியது. ஊசி போட்ட பிறகு அதே எண்ணை நலம் விசாரிக்கக் கூப்பிட்டோம். அங்கேதான் பிசகு.

5

சாட்சி சொல்ல வந்தவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது மருத்துவ ஆய்விலும் நடக்க இருந்தது. அதன் கதை இதயம் சம்பந்தப்பட்டது.

கொலஸ்ட்ரால் அதிகமில்லாதவர்களுக்கும் மாரடைப்பு வருகிறதே, ஏன்? அமெரிக்காவில் ஆஸ்பிரின் ஆய்வு ஒன்றுக்காக 1980-களில் 22,071 ஆண் மருத்துவர்கள் சேர்ந்திருந்தார்கள். அவர்களில் பலர் கொடுத்திருந்த ரத்தம் உறைநிலையில் பத்திரமாக இருந்தது. பால் ரிட்கர் குழு அதை எடுத்து, பிற்பாடு மாரடைப்பு வந்தவர்களின் ரத்தத்தையும் வராதவர்களின் ரத்தத்தையும் ஒப்பிட்டு 1997-ல் வெளியிட்டது. நலமாக இருந்த காலத்திலேயே சி.ஆர்.பி. மேல்படியில் இருந்தவர்களுக்கு, கீழ்ப்படியில் இருந்தவர்களைவிட மாரடைப்பு மூன்று மடங்கு. இங்கே பேச்சு 118, 64 பற்றி இல்லை. ஒன்றுக்கும் மூன்றுக்கும் இருக்கும் வித்தியாசம் பற்றி. வெளியே சூடும் இல்லை, வீக்கமும் இல்லை. செல்சஸின் நான்கு அடையாளங்களில் ஒன்றுகூட இல்லாமல் ரத்தக்குழாய்ச் சுவரில் வருஷக்கணக்காகக் கனன்றுகொண்டிருக்கும் தணல்.

உடனே எழுந்த கேள்வி: சி.ஆர்.பி.யே இதயத்தைக் கெடுக்கிறதா, அல்லது கெடுப்பதைப் பார்த்துச் சொல்கிறதா?

2008-ல் ‘ஜூபிடர்’ ஆய்வு வந்தது. கொலஸ்ட்ரால் பெரிதாக இல்லாமல் சி.ஆர்.பி. 2-க்குக் குறையாமல் இருந்த 17,802 பேர். ரோசுவாஸ்டாட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு இதய, பக்கவாதச் சம்பவங்கள் 44 சதவீதம் குறைந்தன. பெரிய பரபரப்பு. ஆனால் அந்த மாத்திரை கொலஸ்ட்ராலையும் பாதியாக்கியது, சி.ஆர்.பி.யையும் குறைத்தது. எது குறைந்ததால் பலன் என்று பிரிக்க முடியவில்லை.

பிரித்தது மரபியல். சிலர் பிறவியிலேயே சி.ஆர்.பி. சற்றுக் கூடுதலாகச் சுரக்கும் மரபணுவோடு பிறக்கிறார்கள். சி.ஆர்.பி.தான் குற்றவாளி என்றால், ஆயுள் முழுக்க அதைக் கூடுதலாகச் சுமந்த இவர்களுக்கு மாரடைப்பு அதிகமாக வந்திருக்க வேண்டும். சுமார் 1,94,000 பேரின் தரவுகளை அலசி 2011-ல் வந்த ஆய்வில் அப்படி எதுவும் தெரியவில்லை. சாட்சி விடுதலை.

அப்படியென்றால் நெருப்பு வேறெங்கோ இருக்கிறது. 2017-ல் ‘கான்டோஸ்’ ஆய்வு அதைத் தொட்டுப் பார்த்தது. ஏற்கெனவே மாரடைப்பு வந்த 10,061 பேர். அவர்களில் ஒரு பகுதியினருக்கு, இன்டர்லூகின்-6-க்கும் மேலே நின்று கட்டளையிடும் இன்டர்லூகின்-1பீட்டாவை முடக்கும் ஊசி. கொலஸ்ட்ரால் அசையவில்லை. 150 மில்லிகிராம் எடுத்தவர்களுக்குச் சம்பவங்கள் 15 சதவீதம் குறைந்தன. அழற்சியைத் தணித்தால் இதயத்துக்கு நல்லது என்பது முதல்முறை நேரடியாகத் தெரிந்தது. ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின. மொத்த மரண எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை. அந்த நெருப்பு வீட்டை மட்டும் எரித்துக்கொண்டிருக்கவில்லை, அடுப்பையும் அதுதான் எரித்துக்கொண்டிருந்தது.

பிறகு மலிவான ஒரு பழைய மருந்தின்மேல் கண் விழுந்தது. கோல்சிசின். இந்த இடத்தில் கதை நம் ஊர்ப்பக்கம் வருகிறது. தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் கம்பிப் பந்தலில் படர்ந்து நிற்கும் செங்காந்தளைப் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டின் மாநில மலர். ஊர்வழக்கில் கண்வலிக்கிழங்கு. செடி முழுக்க விஷம், அந்த விஷத்தில் கோல்சிசின் இருக்கிறது. விதை மருந்துக்காக ஏற்றுமதியாகிறது. இதய ரத்தக்குழாய் நோய் உள்ளவர்களுக்குக் குறைந்த அளவில் கோல்சிசின் கொடுத்துப் பார்த்து 2019-ல் ஓர் ஆய்வும் 2020-ல் ஓர் ஆய்வும் பலன் இருப்பதாகச் சொல்லின. 2023-ல் அமெரிக்கா அனுமதியும் கொடுத்தது. 2024-ல் மாரடைப்பு வந்த 7,000-க்கும் மேற்பட்டவர்களிடம் செய்த இன்னொரு பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை. அந்த ஆய்விலும் மருந்து சாப்பிட்டவர்களின் சி.ஆர்.பி. இறங்கித்தான் இருந்தது.

கடைசி வாக்கியத்தை நான் நாலைந்து முறை படித்தேன். எண் இறங்கியது. மாரடைப்பு குறையவில்லை.

6

இப்போது இன்ஸ்டாகிராமைத் திறந்தால் ‘இன்ஃப்ளமேஷன்’ என்ற சொல் இல்லாமல் ஒரு நாள் போவதில்லை. மஞ்சள் பால் குடித்தால் இறங்கும், பாலை விட்டால் இறங்கும், கோதுமையை விட்டால் இறங்கும், இந்தக் காப்ஸ்யூல் சாப்பிட்டால் இறங்கும். பழைய ரிப்போர்ட்டையும் புது ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் படம் போடுகிறார்கள். ஒரு வாரச் சளி போனாலே சி.ஆர்.பி. இறங்கும் என்பதை யாரும் சொல்வதில்லை. புகைப்பதை விட்டால், உடல் எடை குறைந்தால், ஈறு நோய்க்கு வைத்தியம் பார்த்தால்கூட எண் இறங்கக்கூடும். இவை எண்ணுக்காகச் செய்ய வேண்டியவை இல்லை, எண் இறங்காவிட்டாலும் செய்ய வேண்டியவை.

இந்தச் சோதனைகள் வீண் என்று யாராவது நினைத்துவிட்டால் நான் மோசமாக எழுதியிருக்கிறேன் என்று அர்த்தம். மூட்டுவாதக்காரருக்கு மருந்து பிடிக்கிறதா என்று பார்க்கச் சி.ஆர்.பி. வேண்டும். ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் இறங்க வேண்டிய எண் ஏறினால், உள்ளே ஏதோ சரியில்லை என்று டாக்டரை எழுப்பும். வயசானவருக்குப் பொட்டில் புதிதாகத் தலைவலி வந்து இ.எஸ்.ஆர். நூறைத் தொட்டால், கண்பார்வை போவதற்குள் ரத்தக்குழாய் அழற்சியைப் பிடித்துவிட அது உதவும். நெருப்பில்லாமல் புகையாது என்பது சரிதான். எந்த வீட்டில், எந்த அறையில், அது அடுப்பா தீவிபத்தா என்பதைப் புகை சொல்லாது. அதற்கு ஒருவர் எழுந்து உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

எங்களை உள்ளே விடவில்லை. அதனால்தான் அந்த எண்ணை அப்படிப் பிடித்துக்கொண்டோம் என்று இப்போது தோன்றுகிறது. கையைத் தொட்டுப் பார்க்க முடிந்திருந்தால், மூச்சு வாங்குவதைக் கண்ணால் பார்த்திருந்தால், ஒன்பது என்ற எண்ணுக்காகச் சித்தி அழகரைக் கும்பிட்டிருக்க மாட்டார். கிண்ணத்தில் மிதந்த ஆடையைப் பார்த்து ஏமாந்த அந்தக் கால மருத்துவர்கள்மேல் எனக்கு முதலில் கோபம் வந்தது. இப்போது இல்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாதபோது, வெளியே தெரிவதைத்தான் மனுஷன் பிடித்துக்கொள்வான்.

சித்தியிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. 49, 20, 8 என்ற கணக்கை அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

போன மாசம் மதுரை போயிருந்தேன். சித்திக்குக் கொஞ்ச நாளாக முட்டிவலி, காலையில் எழுந்தால் விரல் மடங்குவதில்லை. தம்பி ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப்போய் வந்திருந்தான். நான் ரிப்போர்ட்டைப் பிரித்ததும் சித்தி அடுப்படியிலிருந்தே கேட்டார்.

"எம்புட்டுப்பா வந்திருக்கு?"

இ.எஸ்.ஆர். 58 என்று போட்டிருந்தது. சொல்ல வாயெடுத்தேன். பிறகு காகிதத்தை மடித்து டி.வி. மேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

"அது கெடக்கட்டும் சித்தி. நாளைக்கு நானும் கூட வாரேன், டாக்டர்ட்டக் காட்டுவோம். மொதல்ல கையக் குடுங்க, எந்த வெரலு மடங்கலன்னு பாப்போம்."